குத்பாவில் விடுபட்ட பெயர்

1914 நவ. 10, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பண்டாரவளையிலிருந்து வரவேண்டிய கம்பளி வண்டி இன்னும் வரவில்லை. கடைக்குள் ஈர வாடை. சாம்பிராணி போட்டும் போகவில்லை.

பகல் தொழுகைக்குப் பின் முதலியார் வந்தார். துரைமார் பேச்சை நமக்கும் நம் பேச்சைத் துரைமாருக்கும் மாற்றிச் சொல்பவர். நல்ல மனிதர்தான். சண்டையில் துருக்கி ஜெர்மன்காரனோடு சேர்ந்துவிட்டதாம். ஆகையால் வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் நம் கலீபாவான துருக்கி சுல்தானுக்காக வழக்கம்போல் துஆ கேட்கக் கூடாது, பெயரே வரக் கூடாது. மேலிடத்து உத்தரவு.

"காகிதமெல்லாம் வேணாம் முதலாளி. பள்ளிவாசல் பொறுப்பு உங்க கையில. உங்க வாய்ச்சொல் போதும்."

குத்பா ஓதுகிற லெப்பையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நவ. 11, புதன்

லெப்பைக்கு இருமல். கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டிருந்தார். அக்கரை இந்தியாவிலிருந்து வந்த காயல்காரர். என் நிக்காஹை ஓதியவர், வாப்பாவுக்கு ஜனாஸா தொழவைத்தவர். விஷயத்தைச் சொன்னேன். கோபம் வரவில்லை அவருக்கு. வந்திருந்தால் தேவலை.

"ஒரே ஒரு பேருதானே லெப்பை."

"ஒரே ஒரு பேருதான். அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய சர்க்கார் பயப்படுது? நம்ம ராஜாவுக்கும் துஆ கேக்கச் சொல்லுங்க தம்பி, கேக்குறேன். அவருக்கும் நல்ல புத்தி வேணும்தானே." சிரித்தார். இருமல் வந்து சிரிப்பை முடித்தது.

ஊர்ப்புரளி பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மகஜர் எழுதிக்கொண்டு திரிகிறவர்களைக் கடைப்படி ஏற விடுவதில்லை. இங்கிலாந்து ராஜா படம் கடையில் மாட்டியிருக்கிறது, நாளைக்கும் இருக்கும். துருக்கி எந்தத் திக்கில் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அந்தப் பெயருக்கு வாப்பா ஆமீன் சொன்னார், அவருடைய வாப்பாவும் சொன்னார். இதே கொடியின் கீழ்தான். அன்றைக்கு யாருக்கும் நோகவில்லை. திருடனைப் பிடிக்கட்டும், சாராயக் கடையை மூடட்டும், சலாம் போடுகிறேன். குத்பா ஓதும் மிம்பர் படியில் சர்க்காருக்கு என்ன வேலை? லெப்பை தப்பாக ஓதினால் திருத்த ஜமாஅத் இருக்கிறது.

நவ. 12, வியாழன்

மழை. கம்பளி வந்தது, பாதி நனைந்து.

கடைக்கு வந்த முதலியாரிடம் வாக்குக் கொடுத்தேன், பெயர் வராது என்று. மறுத்தால் லெப்பையைக் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்களாம். அவருக்காகத்தான் கொடுத்தேன். எனக்காகவும். கடை இருக்கிறதே.

தெமோதரைத் தோட்டத்து ஆள் ஒருவர் கம்பளி பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. முதலியார் போனதும், "எங்களுக்கு இது புதுசாங்க? காலைல பெரட்டுல ஆள் கணக்கெடுக்கிறப்ப ஒரு வார்த்த பேசினா அன்னிக்கு அரப்பேருதான், பாதிக் கூலி. உங்க வாய்க்கு இப்பத்தான் பூட்டு வருது" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டில் என் மனைவி சுலைஹா: "வாக்குக் குடுத்துட்டீங்களா?"

ஆமாம் என்றேன். மீன் ஆணச் சட்டியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நவ. 13, வெள்ளி

லெப்பை அந்த இடம் வரை ஓதினார். நிறுத்தினார். இருமல் என்று நினைத்தேன். இல்லை. சுல்தானின் பெயர் வரும் இடம். பெயரையும் சொல்லவில்லை, மேலேயும் போகவில்லை. தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும். பின் வரிசையில் யாரோ "ஆமீன்" என்றார். பிறகு பள்ளி முழுக்க. நானும். அழுதுவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் மிச்சத்தை ஓதி முடித்தார்.

வாக்கும் கெடவில்லை, வழக்கமும் கெடவில்லை என்று வழியெல்லாம் சந்தோஷம்.

நவ. 14, சனி

முதலியார் மறுபடி. முகம் சரியில்லை.

"நிறுத்தினாராமே?"

"பேர் சொல்லலையே."

"சொல்லல, சரி. அப்ப எல்லாரும் எதுக்கு ஆமீன் சொன்னீங்க? துரை கேக்குறார். நான் என்னன்னு மாத்திச் சொல்ல?"

சும்மா இருந்ததை எந்த பாஷையில் மாற்றுவார், பாவம்.

அடுத்த வெள்ளி நிறுத்தாமல் ஓத வேண்டுமாம். இல்லாவிட்டால் லெப்பை ஊரைவிட்டுப் போக வேண்டுமாம். வாயை மூடச் சொன்னார்கள், மூடினோம். மூடியதும் குற்றம்.

நவ. 17, செவ்வாய்

லெப்பை போய்விட்டார்.

"நிறுத்தாம ஓத எனக்கு வராது தம்பி. நாக்கு அந்த இடத்துல தானா நிக்கும்."

பண்டாரவளை வரை மாட்டுவண்டி, அங்கிருந்து ரயில். பாய், கிதாபுகள், சுலைஹா கட்டிக்கொடுத்த இடியாப்பம். மழைக்கு என் குடை. என் மேல் கோபமா என்று கேட்டேன்.

"வாக்கக் காப்பாத்திக்கிட்டீங்க. அதுவும் நல்லதுதான்."

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். வண்டி வளைவு திரும்பும் வரை நின்றேன்.

நவ. 20, வெள்ளி

முஹர்ரம் பிறந்துவிட்டது. மழை விட்டு வெயில். ஓத ஆள் இல்லை, பொறுப்பு என்னுடையது என்று நானே மிம்பர் ஏறினேன். அந்த இடத்தை நிறுத்தாமல் தாண்டினேன். நோயாளிகளுக்காக துஆ கேட்டேன். ஆமீன் இல்லை. தோட்டங்களில் நல்ல விளைச்சலுக்குக் கேட்டேன். இல்லை. இறந்துபோன தாய் தகப்பன்மாருக்குக் கேட்டேன். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வாயும் திறக்கவில்லை. வாப்பாவுக்கான ஆமீனை நானே சொல்லிக்கொண்டேன்.