ஏழாம் நம்பர் அட்டை

நைனா,

இன்று சாயங்காலம் அம்மா பீரோ மேலிருந்து உன் சாம்பல் நிற ஃபைலை எடுத்துத் தரச் சொன்னாள். நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். ரப்பர் பேண்டைக் கழற்றியதும் கையுறைப் பவுடர் வாசனை வந்தது. கூடவே ஸ்டாம்ப் பேடு மையின் வாசனையும். நீயே அறைக்குள் வந்தது போல இருந்தது என்று எழுத நினைத்தேன். அப்படி இருக்கவில்லை. வாசனை வந்தது, அவ்வளவுதான். ஃபைலைக் கொடுத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போனேன்.

இப்போது அம்மா கூடத்தில் தூங்குகிறாள். நான் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, கேஸ் சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். லைட் போட்டால் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்துவிடும். அதனால் ஃபோன் டார்ச்சை ஒரு டம்ளருக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் பேனாவை நிறுத்திவிடுகிறேன்.

நீ இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து நான்கு மாதம் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. அடக்கத்துக்கு வந்த அத்தை, எனக்குக் கேட்கும்படியே, "இன்னா நெஞ்சழுத்தம் பாரு இதுக்கு" என்றாள். அழுத்தம் ஒன்றும் இல்லை. எதைத் தொட்டாலும் நடுவில் ஒரு கையுறை இருக்கிறது போல இருக்கிறது. சோற்றில் கை வைத்தாலும், குளிர்ந்த தண்ணீரில் வைத்தாலும், உன் சட்டையில் வைத்தாலும் ஒன்றுதான்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் உங்கள் யூனிட் மோசஸ் அங்கிள் வந்து ஃபைலையும் சாம்பிள் பெட்டியையும் வாங்கிக்கொண்டு போகிறார். திங்கட்கிழமை உன் ஏழாம் நம்பர் அட்டைக்கு டை, அதுதான் அட்டை வெட்டும் அச்சு, செய்யக் கொடுக்கிறார்கள். டை வந்துவிட்டால் லட்சக்கணக்கில் அதே அட்டைதான் வெட்டப்படும் என்று நீதானே சொல்வாய். அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். வேறு யாரிடமும் என்னால் சொல்ல முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் உன் வேலையைக் கேட்டால் நான் பாக்கிங் கம்பெனி என்பேன். பசங்க அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். உன்னிடம் சொன்னபோது சிரித்தாய். "ஆபரேஷன்ல தையல் போடற ஊசிக்கும் நூலுக்கும் எங்கப்பா ஊடு கட்றாருன்னு சொல்லு" என்றாய். அது சரியான பதில்தான். பிறை மாதிரி வளைந்த ஒரு ஊசி, அதன் வாலில் ஒட்டிய நூல். நூல் சிக்காமல் மடங்காமல் சுற்றி இருக்க வேண்டும். ஊசி அட்டையின் பிளவில் அசையாமல் நிற்க வேண்டும். மேலே ஒட்டிய உறைக்குள் காற்றுகூடப் போகக் கூடாது. ஆனால் உரித்தால் ஒரே இழுப்பில் உரிய வேண்டும். இத்தனையும் ஒரு சின்ன அட்டையின் மடிப்பில் இருக்கிறது. அந்த மடிப்பை நீ பழைய காலண்டர் அட்டையில் வெட்டி வெட்டிப் பார்ப்பாய். நம் வீட்டில் எந்த மாதமும் முழுதாகச் சுவரில் தொங்கியதில்லை.

"ஆபரேஷன் நடக்கறப்போ நர்ஸு கண்ணு டாக்டர் கை மேல இருக்கும். பாக்கெட்டு மேல இருக்காது. பாக்காமயே தொறக்கணும், குத்தவும் கூடாது" என்பாய். குத்தினால் கையுறையில் ஓட்டை. வயிறு திறந்து கிடக்கும்போது கையுறை மாற்றிக்கொண்டு நிற்க முடியாது.

உங்கள் யூனிட்டில் இருக்கும் பதினான்கு பேரில் ஒருவருக்கும் இடது கைப் பழக்கம் கிடையாது. எனக்கு இருந்தது. அதனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நான்தான் உனக்கு டெஸ்ட். நிஜ ஊசியின் முனையைக் குறட்டால் நறுக்கி, அரத்தில் தேய்த்து மொட்டையாக்கி, சிவப்பு ஸ்டாம்ப் பேடில் ஒற்றி அட்டையில் செருகுவாய். முனை விரலில் பட்டால் கையுறையில் சிவப்புப் புள்ளி விழும். உன் விரல்களில் அந்த மை எப்போதும் இருக்கும். இரண்டு நாளைக்குப் போகாது. "கோயிலுக்கு வர்றப்போவாவது கையப் பாக்கெட்ல உட்டுக்கோ, கொலகாரனாட்டம் கீது" என்று அம்மா திட்டுவாள்.

டெஸ்ட் நடக்கும்போது நீ நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாய். முதல் நாள் நான் ஏன் என்று கேட்டேன்.

"என் மூஞ்சியப் பாத்தா நான் இன்னா ஆசப்படறேனோ அதத்தான் நீ சொல்லுவ பாப்பா. எனக்கு அது வாணாம்."

"நான் உன் முதுகப் பாத்தாகூடக் கண்டுபுடிச்சுடுவேன்."

"அப்போ கண்ண மூடிக்கோ. நர்ஸும் பாக்க மாட்டாங்க."

நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, நான் கண்ணை மூடிக்கொண்டு. உறை சர்ரென்று உரியும், நான் "ஆச்சு" என்பேன், நீ ஃபோனில் நேரம் பார்த்துக் குறித்துக்கொள்வாய். அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, "ஒண்ணு சொவுத்தாண்ட பேசுது, ஒண்ணு கண்ண மூடிகினு பேசுது. இந்த ஊட்ல நான் எங்க போவேன்" என்பாள்.

ஆறாம் நம்பர் அட்டை வரைக்கும் நான் ஒழுங்காகச் செய்தேன், நைனா. இதை நீ நம்ப வேண்டும். மூன்றாம் நம்பரில் என் கட்டைவிரலில் புள்ளிகள் விழுந்தன. இடது கைக்காரர்கள் கிழிக்கும்போது அட்டை எதிர்ப்பக்கம் திரும்புகிறது, ஊசி முனை கட்டைவிரலைப் பார்த்து வருகிறது என்று கண்டுபிடித்தாய். ஆறாம் நம்பரில் பிளவின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு மடிப்பு வைத்தாய். காது என்று அதற்குப் பெயர் வைத்தாய். காது முனையை மறைத்துக்கொண்டது. இருபது பாக்கெட், ஒரு புள்ளி இல்லை.

மோசஸ் அங்கிள்தான் வீட்டுக்கே வந்து புலம்பினார். மடிப்பு மிஷின் அவர் பொறுப்பு. "அண்ணாத்தே, இந்தக் காது மிஷின்ல மாட்டிகினு கிழியுது. என் உசுர வாங்குது. காத அறுத்துடு, உனுக்குப் புண்ணியமாப் போவும்."

"அறுக்கலாம் மோசஸ். பாப்பா கை சொல்லட்டும்."

அப்படித்தான் காது இல்லாத ஏழாம் நம்பர் வந்தது. பிளவைக் கொஞ்சம் சாய்த்து வெட்டியிருந்தாய். அதுவே போதுமா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முந்திய வாரம் மாதா கோயில் திருவிழா. நான் வரிசையில் நின்றவர்களுக்கு பன் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா கையை நீட்டாமல் நின்றார். "இன்னாமா இது, பீச்சாங்கையால குடுக்கற? கைய மாத்து." பின்னால் என் வகுப்பு ஷாலினி நின்றாள். "ஆன்ட்டி, அவளுக்கு எல்லாத்துக்கும் அந்தக் கைதான். கழுவறது எந்தக் கையின்னு கேளுங்க" என்றாள். வரிசையே சிரித்தது. பன் கூடையைக் கீழே வைத்துவிட்டு நான் கோயிலுக்குப் பின்னால் போய் நின்றேன். திங்கட்கிழமை முதல் வகுப்பில் என் பெயரே பீச்சாங்கை ஆகிவிட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் பள்ளிக்கூடத்துக்கு வந்து நிற்பாய் என்று பயம். வலது கையால் சாப்பிட, எழுத, பல் தேய்க்கப் பழகினேன். மேனாம்பேடு ரோட்டில் தள்ளுவண்டியில் காளான் வாங்கிக் கொடுத்தாயே, அன்று ஸ்பூனைப் பார்த்துவிட்டாய்.

"இன்னா பாப்பா, கை மாத்திகினியா?"

"சும்மாதான்."

"உன் கை, உன் இஷ்டம். டெஸ்ட்டுக்கு மட்டும் எனக்குப் பழைய கைதான் வேணும். அது எங்க யூனிட்லயே இல்லாத கை." நீயும் ஸ்பூனை இடது கைக்கு மாற்றிச் சாப்பிட்டுப் பார்த்தாய். சட்டையெல்லாம் சாஸ். வண்டிக்காரர், "அண்ணே, வாய் மேலகீது" என்றார்.

நான் "ம்" என்று தலையாட்டினேன்.

மறுநாள் நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். நான் இருபது பாக்கெட்டையும் வலது கையால் திறந்தேன்.

ஏன் என்று இந்த நான்கு மாதமாக யோசிக்கிறேன். உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. அந்தக் கையை யாரும் பார்க்காத இடத்தில்கூட வெளியே எடுக்கப் பிடிக்கவில்லை. அது மட்டும்தான். கையுறையில் ஒரு புள்ளி இல்லை. நீ திரும்பி, நான் கழற்றித் தந்த கையுறையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாய். இரண்டு கைக்கும் பொருந்துகிற கையுறை. உனக்கு எப்படித் தெரியும்? "இடது கை 20/20. குத்தவில்லை. காது தேவையில்லை" என்று ஃபைலில் எழுதிக் கீழே கோடு போட்டாய். மோசஸ் அங்கிளுக்கு ஃபோன் செய்து, "அறுத்துட்டேன்டா, பாப்பா கை சொல்லிடுச்சு" என்று கத்தினாய். அப்போதே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நிறைய நாளைகள் இருக்கின்றன என்று நினைத்தேன்.

இன்று ஃபோனில் அங்கிள் பேசியதை அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "அட்ட வாங்கற தையல் ஊசிக் கம்பெனிலயும் ஆறு பேர் தொறந்து பாத்துட்டாங்க அண்ணி. எல்லாம் சோத்தாங்கைதான். பீச்சாங்கைக்கு நம்ம பாப்பா ரிசல்ட் கீதே, அதையே ஃபைலோட வச்சுடலாம்னாரு மொதலாளி. அட்ட மூலைல அண்ணாத்தே பேரோட மொத எழுத்து ஒண்ணு சின்னதாப் போடச் சொல்லிக்கீறேன்." அம்மா ஃபோனை வைத்துவிட்டு வெகு நேரம் சிரித்த முகமாகவே இருந்தாள். முதல் அட்டை வந்ததும் பைபிளுக்குள் வைத்துக்கொள்ளப் போகிறாளாம். நாளைக்குக் கட்ட நீலப் புடவையை அயர்ன் பண்ணி வைத்திருக்கிறாள். நான்கு மாதத்தில் அவள் புடவை அயர்ன் பண்ணியது இன்றுதான்.

நான் சொன்னால் அந்தப் புடவை என்ன ஆகும் என்றுதான் முதலில் பயந்தேன். பிறகு, உன்னிடம் பொய் சொன்னவள் என்று அம்மா என்னைப் பார்க்கிற பார்வையை நினைத்துப் பயந்தேன். பிறகு, எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில் என்னை மாதிரிக் கைக்காரி ஒரு நர்ஸ், பார்க்காமல் உறையை உரிப்பதை நினைத்தேன். அவளிடம் இருப்பது மொட்டை ஊசி இல்லை.

சாம்பிள் பெட்டியில் ஏழாம் நம்பர் பாக்கெட் பதினாறு மிச்சம் இருந்தது. அம்மா தூங்கியதும் பெட்டியையும் ஃபைலையும் எடுத்து வந்தேன். உரியும் சத்தம் கேட்காமல் இருக்கத் துண்டுக்குள் கையை விட்டுத் திறந்தேன். அதனால் கண்ணை மூடத் தேவைப்படவில்லை. உன் பெட்டியிலிருந்து ஒரு கையுறையை எடுத்து இடது கையில் மாட்டிக்கொண்டேன். அந்தக் கை அந்த வேலையை மறக்கவே இல்லை. உறைக்குள் மைகூடக் காயவில்லை, நைனா. இத்தனை மாதம் கழித்தும் ஈரமாக இருந்தது. அவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறாய்.

பத்துப் பாக்கெட்டில் மூன்று புள்ளிகள். மூன்றும் கட்டைவிரலில்.

நான் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். காலையில் அம்மா நீலப் புடவையில் வந்து நின்றால் கையுறையைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடுவேன். பாக்கெட்டுகளையும் போட்டுவிடுவேன். பாக்கெட் எங்கே என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவேன். அதனால் மிச்சம் ஆறுக்குக் கையுறையைக் கழற்றிவிட்டேன்.

இரண்டு தடவை பட்டது. மொட்டை ஊசிதான், வலிக்கவில்லை. ஆனால் பட்டது தெரிந்தது. துண்டுக்குள் கையை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

உன் கோட்டுக்குக் கீழே எழுதிவிட்டேன். "மேலே உள்ள இருபதும் வலது கையால் திறந்தவை. இடது கை 16. குத்தியது 5. காது வேண்டும்." இடது கையால்தான் எழுதினேன், எழுத்து உன் எழுத்தைவிட நன்றாகவே வந்தது. கையுறையை அந்தப் பக்கத்தில் பின் அடித்து வைத்திருக்கிறேன். இனி அந்தப் பக்கத்தைக் கிழிக்கத் தோன்றினாலும், என் கட்டைவிரலில் இருக்கும் இரண்டு சிவப்புப் புள்ளிகளை என்ன செய்வது? சோப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். உன் மை போகவில்லை.

விடியப் போகிறது. டார்ச்சை எடுத்துவிட்டு டம்ளரைக் கழுவி வைக்க வேண்டும். காலையில் அம்மா இதே டம்ளரில்தான் காபி கொடுப்பாள். இந்தக் கையை நீட்டித்தான் வாங்குவேன்.