பின் மைக்கில் நீ பேசியது

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் சுகம்.

அந்த டிஸ்க் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற விழாவை மேடையிலும் கூட்டத்துக்குப் பின்னாலும் மைக் வைத்து ஆறு சேனலில் பதிவு செய்து அனுப்பினாய், நம் வீட்டுப் பழைய பிளேயருக்கு இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர், போட்டால் கைதட்டல் கேட்கிறது, அம்மா பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. முப்பது வருஷம் டிஸ்க் கடை வைத்தவர் வீட்டிலேயே இந்த லட்சணமா என்று அவள் சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஆறையும் பிரித்து, நடுச் சேனலில் இருந்த அவள் பேச்சை இரண்டு பக்கமும் சமமாகக் கலந்தேன். பின்பக்கத்துச் சேனல்களில் கைதட்டல்தானே இருக்கும் என்று, கேட்டுக்கூடப் பார்க்காமல் அவற்றையும் தாராளமாக ஏற்றிவிட்டேன். கடையிலும் நான் அப்படித்தான், உனக்குத் தெரியாததா.

இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். "என் பையன் எனக்காக அவ்வளவு தூரத்துலேர்ந்து ஓடி வந்திருக்கான்" என்று அவள் மேடையில் சொல்கிற இடத்தில், கடைசி வரிசையில் நீ மருமகளிடம் பேசியது கணீரென்று வந்தது. "டாக்டர் சொல்றதப் பாத்தா ஆறு மாசந்தான். இனிமே அம்மா போனப்புறம் வந்தாப் போதும், ரெண்டு தடவ லீவு போட முடியாது." மைக் வைத்தவனே மைக்கை மறந்தாயே, பெரிய சவுண்ட் இன்ஜினியர். நோயைப் பற்றி அவளிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியவனும் நீதான், நானும் அத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அவள் அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். ஆறு மாசமா என்று மட்டும் கேட்டாள், ஆமாம் என்றேன். பிறகு எழுந்து போய்க் காய்ந்த துணிகளை மடித்து வைத்தாள்.

ஆறு மாசம்கூட ஆகவில்லை. அவள் போய் இன்றோடு பதினெட்டு நாள். "அவனக் கூப்பிடாதீங்க, லீவு மிச்சமாகட்டும்" என்று அவள்தான் சொன்னாள். பாசத்தில் சொன்னாளா, மனம் விட்டுப்போய்ச் சொன்னாளா, தெரியவில்லை. எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன். உன் சித்தியையும் சொல்லக் கூடாது என்று தடுத்தது நான். போன வாரம் நீ போன் செய்தபோது அம்மா தூங்குகிறாள் என்றது பொய்.

டிஸ்க்கை இதோடு அனுப்பியிருக்கிறேன். பின் சேனலைக் குறைக்கவில்லை. கேட்க இரண்டு ஸ்பீக்கர் போதும்.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. லீவைப் பத்திரமாக வைத்துக்கொள், எனக்காகவும் அதைச் செலவழிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா