மிஸ்டு கால் மோட்டார்

18 அக்., புதன். மழை விட்டு விட்டு.

லீவு. காலையிலிருந்து சால்டரிங் புகை. ஜரீனாவுக்கு ஐந்தாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதாம், படியே இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா. போன வருஷம் ஒன்று கலைந்து போய்விட்டது.

நாங்கள் மாடியில். தண்ணீர் டேங்க் மோட்டாரின் சுவிட்சு கீழ்வீட்டு வாசலில். நான் மாமல்லபுரம் ரிசார்ட்டுக்கு டூட்டி போய்விட்டால் இங்கே செங்கல்பட்டில் யார் போடுவது?

"கீழ தனலட்சுமி அக்காவ கேட்டா போட மாட்டாங்களா?" ஜரீனா.

வீட்டு ஓனரம்மா. தினம் போய் நிற்பதா, அதுவும் எலக்ட்ரீஷியனான நான்?

தேவை: பழைய செல் (இருக்கு). என் பழைய சிம் (இருக்கு, ரிசார்ட்டில் புது நம்பர் கொடுத்துவிட்டார்கள்). ரிலே (ஒரு தட்டுக்கு ஆன், மறு தட்டுக்கு ஆஃப் ஆகும் சுவிட்சு). பிளாஸ்டிக் டிபன் டப்பா.

20 அக்., வெள்ளி. வெயில்.

ஓடுகிறது! பழைய சிம் போட்ட செல்லில் வைப்ரேட்டருக்குப் போகும் ஒயரை ரிலேவுக்கு இழுத்தேன். ஜரீனா தன் செல்லிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும், இன்னொன்று கொடுத்தால் நிற்கும். முதலில் ஒவ்வொரு அதிர்வுக்கும் டக் டக் என்று அடித்துக்கொண்டது. பெரிய கண்டென்சர் போட்டு அடக்கினேன்.

"இன்னா பாய், டிபன் டப்பாவ செவுத்துல மாட்டிக்கினு கீற?" அக்கா. நாளை தீபாவளி, கையெல்லாம் மாவு. அதிரச வாசம். எனக்கோ நோன்பு வயிறு.

24 அக்., செவ்வாய்.

பிறை தெரிந்தது, நாளை பெருநாள். ஜெனரேட்டர் ரூமில் இருந்தேன். ஜரீனா போன்.

"மோட்டார் தானா ஓடுது, தானா நிக்குது. நான் தொடவேயில்ல. டேங்க் வழியுது."

உடனே புரிந்தது. பாதி சொந்தத்துக்கு என் பழைய நம்பர்தான் தெரியும். காசு போகாமல் வாழ்த்த ஆளுக்கொரு மிஸ்டு கால். மதுராந்தகம், படாளம், அச்சரப்பாக்கம், எல்லாரும் சேர்ந்து என் மோட்டாரை ஓட்டுகிறார்கள்.

"கீழ போய் ஆஃப் பண்ணிடட்டா?"

வேண்டாம் என்பதற்குள் கட். அப்புறம் எடுக்கவே இல்லை.

பஸ். திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் நிதானமாக டீ. அடிக்கலாம் போல இருந்தது. யா அல்லாஹ், மோட்டார் எரியட்டும், வீடு மிதக்கட்டும், அவள் மட்டும் இறங்கியிருக்கக் கூடாது.

படி முழுக்க ஈரம். மேலே ஜரீனா கட்டிலில், பக்கத்தில் அக்கா. முதல் படியில் கால் வைத்தாளாம், வழுக்கப் பார்த்ததாம், திரும்பிவிட்டாள். சைலன்டில் போட்ட செல் கட்டிலில் கிடக்க, ஜன்னலில் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டியிருக்கிறாள். அக்கா ஓடிவந்து மெயினையே ஆஃப் செய்துவிட்டார்.

"ஒரு கொரல் குடுத்தா நான் சுச்சி போட மாட்டனா பாய்? மிசினு வச்சிகினு கீற."

அழுதுவிட்டேன், அக்கா முன்னாலேயே.

25 அக்., புதன். பெருநாள்.

டாக்டரம்மா போனில் விசாரித்தார். ரத்தம் இல்லை, வலி இல்லை, பயப்படாதீர்கள் என்றார். அல்ஹம்துலில்லாஹ். மோட்டாரும் எரியவில்லை. முதல் தூக்கு பிரியாணி கீழ்வீட்டுக்கு.

ஜரீனா நம்பருக்கு மட்டும் அதிரும்படி செல்லை மாற்றினேன். செட்டிங்கில் அது முதலிலிருந்தே இருந்திருக்கிறது, பார்க்கத் தோன்றவில்லை.

"அது கெடக்கட்டும். நீ தட்டயே தட்டும்மா," அக்கா. ஜரீனாவும் தலையாட்டுகிறாள். செலவே இல்லாத ஏற்பாடு. ரோஷம் பார்த்த எனக்குத்தான் எட்டவில்லை.

26 அக்., வியாழன். கடல் காற்று.

டூட்டி. உப்பில் அரித்த சுவிட்சுகள், வரிசையாக. ஜரீனாவோடு பேசி வைத்தது: மதியம் ஒரு மிஸ்டு கால் வந்தால் எல்லாம் நலம்.

வந்தது. உடனே இன்னொன்று. ஏணியிலிருந்து குதித்துக் கூப்பிட்டேன்.

"இன்னாச்சி?"

"ஒன்னுமில்ல. மொதல்ல வந்தது நான் குடுத்தது."

"ரெண்டாவது?"

"உள்ள இருக்கறது குடுத்தது. இப்பதான் ஒதைச்சிது."