அப்பாவின் துப்பாக்கியில் மூன்று பொட்டு

செப். 9, செவ்வாய்

காலையிலிருந்தே தூறல். யூனிபார்ம் காயவில்லை, ஈரத்தோடே ஏ ஷிப்ட். கம்பெனி பஸ் மண்ணூர் கூட்டுரோட்டில் இருபது நிமிடம் நின்றது.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு போன். தை மாதம் அப்பா போனதும் நான் ஒப்படைத்த துப்பாக்கி பற்றி. "இன்னும் எவ்ளோ நாள்மா நாங்க வெச்சிக்கினு இருக்கிறது? ஆயுத பூஜைக்குள்ள இன்னான்னு சொல்லிடுங்க. உங்க பேர்ல லைசென்ஸுக்கு எழுதுங்க, இல்லாட்டி கடைக்கு வித்துடுங்க. ரெண்டும் இல்லன்னா கவர்மென்டுக்குப் போய்டும். உருக்கிடுவாங்க."

உருக்கிடுவாங்களாம், அப்பாவின் துப்பாக்கியை. யாரிடம் சொல்ல? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பார் சாதம். உப்பில்லை.

வாங்க வேண்டியது: பால், கொசுவத்தி. கேஸ் புக் செய்ய.

செப். 13, சனி

வீக் ஆஃப். ஸ்டேஷன். ஏட்டு அப்பாவின் பழைய லைசென்ஸைப் புரட்டினார். "பயிர்ப் பாதுகாப்புன்னு போட்டுக்கீது. இப்ப இன்னாம்மா பயிர் கீது உங்களாண்ட?"

எங்கள் வேர்க்கடலைக் கொல்லை இருந்த இடம் இப்போது லாரி நிறுத்துமிடம். காட்டுப்பன்றி வந்தும் வருஷக் கணக்காகிறது. "லாரிதான் விளையுது சார்" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, பரம்பரைப் பொருள் என்று எழுதலாம், ரூல் இருக்கிறது என்றார். தம்பி ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டுமாம்.

முடிவாகும்வரை துப்பாக்கிக் கடையில் இருக்கலாமாம்; சென்னைக் கடைக்காரர் காகிதங்களோடு வந்து எடுத்துப் போனார். என் கையில் தரக் கூடாதாம். ரெட்டைக் குழல், செம்புக் கம்பி சுற்றிய கட்டை. உறைக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

எலெக்ஷன் வந்தால் அப்பா அதை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வருவார். அன்று சாப்பிட மாட்டார். "அவன் இல்லாம வூடே வெறிச்னு கீது பாப்பா" என்பார். இப்போது அவனும் இல்லை, அவரும் இல்லை. நான், டி.வி.

செப். 16, செவ்வாய்

தம்பிக்கு (புனே) வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். ஒரு மணி நேரம் யோசித்து, அடித்துத் திருத்தி. அவன் பதில்: "வித்துடுக்கா. உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி. பேப்பர் கூரியர்ல அனுப்புறேன், எதுக்கும் இருக்கட்டும்."

எனக்குத்தான் வேண்டும் என்று அவன் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வந்திருந்தாலாவது நாலு வார்த்தை பேசியிருப்போம்.

இடது முழங்கால் வலி. தைலம்.

செப். 20, சனி

இரண்டு பஸ் மாறிச் சென்னை. கடையில் ரிப்பேர் பார்க்கும் பாய், அறுபது வயதிருக்கும். துணி விரித்துக் கிடத்திக் காட்டினார். குறித்துக்கொண்டது:

இடது விசை ஸ்பிரிங் உடைவு
கட்டையில் விரிசல், மாற்ற வேண்டும்
குழல் முழுக்கத் தேய்த்து மறுபடி கறுப்பேற்ற வேண்டும்
குழல் மேல் மூன்று இடத்தில் துருக்குழி

அந்த மூன்றின் மேலும் விரலை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வட்ட வட்டமாக, வரிசையாக மூன்று. ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் நான் வைத்த சந்தனம், குங்குமம். ஏழு வயதில் ஆரம்பித்தது. அப்பா துணியை எடுத்தாலே "தொடைக்காதப்பா, சாமிக்கு வெச்சது" என்று கத்துவேன். தானாக உதிரும்வரை விட்டுவிடுவார். அடியில் ஈரம் இரும்பைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது.

பதினான்கு வருஷமாக லைனில் எனக்கு வேலையே இதுதான். பார்ட்டில் குழி, கீறல் பார்ப்பது. மஞ்சள் டப்பா ரீவொர்க், சிவப்பு டப்பா ரிஜெக்ட். ஊசிமுனைக் குழிகூடத் தப்பாது. சொந்த வீட்டுச் சுவரில் இருந்ததைப் பார்க்கவில்லை. நல்ல இன்ஸ்பெக்டர்!

பாய் சொன்னார்: "தேய்ச்சா எல்லாம் போய்டும்மா, புச்சாட்டம் ஆய்டும். விக்கிறதுன்னாலும் ஆள் கீது. ரிசார்ட்காரர் ஒருத்தர் செவுத்துல மாட்டக் கேக்குறாரு. அவரும் தேய்ச்சுத்தான் கேப்பாரு."

செப். 22, திங்கள்

விற்றுவிடுவது. என் கையால் கெடுத்ததைத் தினமும் சுவரில் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

தம்பிக்குச் சொன்னேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

சுவரில் அது மாட்டியிருந்த ஆணிகளைப் பிடுங்கினேன். ஒன்று வந்துவிட்டது. இன்னொன்று காரையைப் பெயர்த்தது, பாதியில் விட்டேன்.

செப். 26, வெள்ளி

டீ பிரேக்கில் பாய்க்குப் போன். விற்கிறேன் என்றேன். மனசு கேட்கவில்லை, அந்தக் குழிகள் நான் வைத்த பொட்டு என்றும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்மா" என்றார். "நாலு வருசம் முந்தி உங்கப்பா ரிப்பேருக்கு எட்த்தாந்தாரு. இன்னா நைனா, பொட்டு வெச்சே குழலைக் கெடுத்துக்கினு கீறியேன்னு சத்தம் போட்டேன். தேய்க்கத் துணி எடுத்தா என் கையைப் புட்சிக்கினாரு. வுட்ரு பாய், பாப்பா வெச்சது, தொடைச்சா கண்டுபுடிச்சிடும், மூஞ்சி சுண்டிப்பூடும். குழல்தானே, போனாப் போவுதுன்னாரு. நான் ஏதோ சின்னப் பொண்ணுன்னுல்ல நெனச்சேன்."

"அப்ப எனக்கு நாப்பத்திரண்டு வயசு பாய்."

இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்ததும் கை கழுவும் இடத்தில் போய் நின்று அழுதேன். குழாயைத் திறந்துவிட்டேன், யாருக்கும் கேட்டிருக்காது. பாப்பா என்ற வார்த்தையைக் கேட்டு எட்டு மாதம் ஆகிறது. பாவி மனுஷன், ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லையே.

இன்றைக்கு ஒன்பது பார்ட்டைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று.

அக். 1, புதன். ஆயுத பூஜை

மெஷினெல்லாம் கழுவி வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். அளவு பார்க்கும் கேஜ், வெர்னியர் எல்லாம் ஒரு தட்டில். "அக்கா, நீங்களே பொட்டு வைங்க" என்றான் சூப்பர்வைசர். வைத்தேன். ஆரத்தி முடிந்ததும் துடைத்துவிட்டேன். ஒரு மாதிரி பார்த்தான்.

பொரி, கடலை, ஸ்வீட் பாக்ஸ். மதியமே விட்டுவிட்டார்கள்.

வீட்டில் விளக்கேற்றி அருவாமணை, கத்தரிக்கோல், தையல் மெஷினுக்கு வைத்தாயிற்று. கிண்ணத்தில் சந்தனம் மீதி. சுவரில் ஒற்றை ஆணி. ஸ்வீட் பாக்ஸைப் பிரிக்கத் தோன்றவில்லை.

நாலு மணிக்குப் பாய் போன். பின்னால் மணிச் சத்தம். "கடையில பூஜைம்மா. மொதலாளி எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிக்கினு வராரு. உங்களுது ஓரமா கீது. வைக்கச் சொல்லவா? விக்கிறதுன்னா வாணாம், இருக்கிறது போதும்."

"விக்கல பாய். என் பேர்லயே எழுதிடறேன். ஸ்பிரிங்கும் கட்டையும் மட்டும் பாருங்க, குழலைத் தேய்க்காதீங்க."

"அப்ப பொட்டு எங்க வைக்கச் சொல்றது?"

"அந்தக் குழிலயே."

"மறுபடியும் தின்னுமேம்மா" என்றார்.

"பூஜை முடிஞ்சதும் தொடைச்சிடுங்க பாய். கண்டுபுடிக்க மாட்டேன்."