உன் மணிக்கட்டில் வெட்டிவேர்

இன்று காலை உன் மனைவி கிள்ளானிலிருந்து ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் நான் ஓய்வுபெற்றுக் குடியிருக்கும் வீட்டுக்கு வந்தாள். நீ கண்ணை மூடிய பிறகு இப்போதுதான் வெளியே புறப்பட்டிருக்கிறாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, விரல் நீளக் குப்பி ஒன்றை என் கையில் வைத்தாள். மூடியைத் திறந்ததும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாற்போல இருந்தது. வெட்டிவேர்.

அந்த நாளில் நீ மலாயாத் தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர்த் தகடுகளுக்குப் புகை போடுகிறவன். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு. சின்ன வயதுக் காய்ச்சலோடு உன் மூக்கு செத்துப்போனது எனக்கு மட்டுமே தெரியும். உன் மேல் எவ்வளவு புகை ஏறியிருக்கிறது என்பது உனக்கே தெரியாது. "மாப்பிள்ளை வர்றது முக்கு திரும்புறதுக்குள்ள தெரிஞ்சிடுது" என்று மற்றவர்கள் கேலி பேசும்போது நீயும் சிரிப்பாய். ஊரில் கல்யாணம் முடித்து விட்டுவந்த பெண் கப்பலேறிவிட்டாள் என்று கடிதம் வந்த அன்று உனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கிட்ட வந்து மூக்கைப் பொத்திக்கிட்டான்னா என்ன செய்வேன், வாத்தியாரே? எனக்கு வாடை தெரியாதுங்கிறதையும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் அத்தர் கடைக்குப் போனோம். கடைக்கார ராவுத்தர் உன் கையில் தடவ, நான் முகர்ந்தேன். "கை ஒருத்தருது, மூக்கு ஒருத்தருதா? நல்ல யாவாரம்" என்றார் அவர். மல்லிகை உன் புகையோடு சேர்ந்து, பூக்கூடை தீப்பற்றியதுபோல இருந்தது. ரோஜா, கல்யாண வீட்டு அடுப்படி. வெட்டிவேர் மட்டும் புகையை மறைக்க முயலாமல் அதன் பக்கத்தில் இடம்பிடித்து உட்கார்ந்தது.

"எப்படி இருக்கு?" என்றாய்.

வகுப்பில் புரியாத பிள்ளைக்கு உதாரணம் தேடுவதுபோலத் தேடினேன். "வெயில்ல வந்து புதுப்பானைத் தண்ணி குடிச்சா, தொண்டைக்குள்ள ஒரு குளிர்ச்சி இறங்குமில்ல? அது."

"அப்ப அதுதான் எனக்குப் பிடிச்சது."

கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து அடைத்துவைக்கும் துறைமுக முகாமிலிருந்து அவள் வெளியே வந்தாள். சேலையெல்லாம் பினாயில் நெடி. கூசிப்போய் நின்றாள். "நாத்தம் குடலைப் புடுங்குது. தள்ளி நில்லுங்க."

நீ மூட்டையை வாங்கிக்கொண்டு, "எனக்கு ஒரு நாத்தமும் தெரியலையே" என்றாய். அதைவிட உண்மையான பேச்சை நான் கேட்டதில்லை. அவள் அப்போதுதான் முகம் நிமிர்ந்தாள்.

அதன் பிறகு எத்தனையோ வருடங்கள், வேலைக்குப் போகுமுன் வேலியோரம் வந்து மணிக்கட்டை நீட்டுவாய். "இருக்கா?" என்பாய், மெதுவாக. "இருக்கு" என்பேன். அவளுக்குத் தெரியாத ரகசியம் என்றே இருவரும் நம்பினோம்.

"வந்த மறுவாரமே தெரியும், அண்ணே" என்றாள் இன்று. "பால் தீஞ்சு லயமே நாறுது, இவரு அடுப்புப் பக்கத்துல உக்காந்து வெத்தலை போடுறாரு. மெனக்கெட்டு மறைக்கிற மனுசனை ஏன் கேட்டுச் சங்கடப்படுத்தணும்? காலையில வேலியில பேசுறது அடுப்படிக்குக் கேக்கும். நீங்க 'இருக்கு'ன்னு சொன்னப்பறம்தான் சோறு கட்டுவேன்."

போகும்போது குப்பியை என்னிடமே விட்டுவிட்டாள். அடியில் ஒரு துளி ஒட்டியிருந்தது. என் மணிக்கட்டில் தொட்டுக்கொண்டேன். புகை ஏறாத கையில் அது பாதி வாசனைதான். மற்ற பாதியை என் மூக்கு மறக்கவில்லை.

இருக்கு.