சாயம் ஒளிர்ந்த தேதி

டத்தோ கிராமாட், பினாங்கு
12.2.1999

பிள்ளை யோகராணிக்கு,

நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

உன் அம்மாவைச் செவ்வாய்க்கிழமை தகனம் செய்தோம். நீ வரவில்லை என்று ஏச இதை எழுதவில்லை. மழை இல்லை. ஆட்கள் நிறைய.

பக்கத்து வீட்டு நல்லம்மாள் கேட்டாள்: “பேத்தி சாயமா செய்யுறா? சேலைக்கா?”

“ரத்தத்துல கிருமி இருந்தா காட்டிக்கொடுக்குற சாயம்லா” என்றேன்.

மார்கழியில் இங்கிருந்து லீட்ஸுக்கு வந்த தாதி ரோஹானா ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து தந்தாளே, அம்மாவின் ரத்தம். அதில் உன் சாயம் விளக்கு மாதிரி எரிந்ததா? அதை மட்டும் எழுது.

அம்மம்மா
செல்வநாயகி

லீட்ஸ், இங்கிலாந்து
24.2.1999

அன்புள்ள அம்மம்மா,

எரிந்தது. ஜனவரி பதினொன்றாம் தேதியே.

சாயம் தனியாக இருந்தால் இருட்டு. அதைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன இழை செய்கிறேன். கிருமியின் இழை வந்து ஒட்டினால்தான் என் இழை சரியாக மடியும். மடிந்து பிடித்தால்தான் சாயம் ஒளிரும். ஆனால் அன்று ரத்தமே இல்லாத குழாயும் கொஞ்சம் ஒளிர்ந்தது. அப்படியானால் எதையும் நம்ப முடியாது. சாயத்தை மாற்றினேன், இழையை மாற்றினேன். நான்கு வாரம். ஞாயிறுதோறும் அம்மா போனில் கேட்டபோது “இன்னும் தெரியலம்மா” என்றேன்.

கடைசியில் வெற்றுக் குழாய் இருட்டாக நின்றது, அம்மாவின் குழாய் சிவப்பாக ஒளிர்ந்தது. அன்று ஞாயிறு. சொல்லலாம் என்று போனை எடுக்கப் போனேன். அம்மா போய்விட்டதாக உங்கள் போன் வந்தது. வைத்துவிட்டுக் குழாய்களைக் கழுவினேன். இன்னும் அழுகை வரவில்லை.

முன்பே சொல்லியிருந்தால் வைத்தியம் பார்த்திருக்கலாம். எந்த முகத்தோடு வர?

யோகராணி

டத்தோ கிராமாட், பினாங்கு
11.3.1999

பிள்ளை யோகராணிக்கு,

முந்தாநாள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தது. என் அஞ்சாம் வகுப்புப் படிப்பை வைத்து உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். விளங்கியது.

என்ன நோய் என்று இங்கே டாக்டர் ஐப்பசியிலேயே சொல்லிவிட்டார். இனி வைத்தியம் இல்லை என்றும் சொன்னார். உனக்குத் தெரியக் கூடாது என்றவள் உன் அம்மா. அவள் போனில் தன் நோயைக் கேட்கவில்லை, பிள்ளை. உன் சாயம் எரிந்ததா என்றுதான் கேட்டாள்.

தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் காவடிகளைப் பார்க்கக்கூட அவள் வரவில்லை. “போன் வரும்லா, நீங்க போங்க” என்று போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நீ தெரியவில்லை என்றாய்.

நல்லம்மாளிடம் எரிந்தது என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

நாற்காலி இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

கடிதம் எழுது. ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்காதே.

அம்மம்மா
செல்வநாயகி