வெட்டுப்பட்ட கடைசி வரி

இன்று காலை உன் மனைவி பழைய சேலையில் சுற்றிய ஒன்றை என் கையில் கொடுத்தார். பிரித்தால், கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தச் சான்றிதழ். பட்டாசு மருந்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியில் நீ கலந்துகொண்டதற்கானது. வாழ்நாளெல்லாம் அச்சு மிஷினைத் தவிர வேறெதையும் தொடாத உனக்கு! “வீட்டுக்கு வெள்ளை அடிக்கோம்ணே, இது உங்ககிட்ட இருக்கட்டும்” என்றார். நீ போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான். அவரும் சிரித்தார்.

சிவகாசியில் நாம் வேலை பார்த்த அச்சகத்துக்கு அந்த நோட்டீஸ் சாதாரண ஆர்டராகத்தான் வந்தது. குடியை விட நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் கூடிப் பேசுகிறார்கள், யாரும் வரலாம் என்று நாலைந்து வரி. நீ அடித்தாய், நான் கட்டிங் மிஷினில் வெட்டினேன். அப்போதெல்லாம் குடிக்காவிட்டால் என் கை நடுங்கும், குடித்தால் கவனம் நிற்காது. கத்தி இறங்கும்போது இரண்டு முறை என் கையைத் தட்டிவிட்டவன் நீ. நீ மட்டும் என்ன யோக்கியமா, சாயங்காலம் கடைக்குச் சேர்ந்துதானே போவோம். ஆனால் அன்று ஒரு நோட்டீஸை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “ஏலே, பத்து விரலும் இருக்கும்போதே போயிருவோம்லே” என்றாய்.

எனக்கு ஒரே பயம், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. விருதுநகரில் நம்மை யாருக்குத் தெரியும் என்று தேற்றி பஸ் ஏற்றினாய். மண்டப வாசலில் ஒரு பதிவேடு இருந்தது. பெயரும் முகவரியும் எழுதச் சொன்னார்கள். நீ உன்னுடையதை முத்து முத்தாக எழுதினாய். நான் என் மைத்துனன் சுந்தரத்தின் பெயரையும் முகவரியையும் எழுதினேன். உள்ளே போனதும் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நம்மிடம் லேபிள் அடிக்கும் பட்டாசு கம்பெனிகளின் ஃபோர்மேன்கள் பாதிப் பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். “பாத்தியாலே, அம்புட்டுப் பேரும் நம்மாளுக” என்று என் காதில் சொன்னபோது உன் முகத்தில் என்ன சந்தோஷம்.

மைக் பிடித்தவர், தாமதமாக வந்தவர்கள் எழுந்து தங்களைப் பற்றிச் சொல்லட்டும் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ எழுந்தாய். பெயரைச் சொன்னாய், இருபது வருஷக் குடியைச் சொன்னாய், மகளின் பள்ளி விழாவுக்குக் குடித்துவிட்டுப் போய் வாசலோடு திரும்பியதைச் சொன்னாய். “விடணும்னு இருக்கு. தனியா முடியலை” என்று உட்கார்ந்தாய். மைக் பிடித்தவர் பக்கத்தில் வந்து, இது ஃபோர்மேன்களுக்கான பாதுகாப்பு வகுப்பு, நீங்கள் தேடும் கூட்டம் மாடியில் என்றார் மெதுவாக.

நான் வாசலைப் பார்த்தேன். நீ சபைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்தாய். பாதிப் படியில் நான் திரும்பிவிடத்தான் நினைத்தேன். பின்னால் செருப்புச் சத்தம். எம். புதுப்பட்டிக் கம்பெனி ஃபோர்மேன் ஒருவர் ஏறி வந்துகொண்டிருந்தார். “நானும் வாரேன்” என்றார். அவரைத் தாண்டி எப்படி இறங்குவது? மேலேதான் போனேன்.

மாடியில் இருந்தவர்கள் நோட்டீஸைப் பார்த்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. ‘கூட்டம் மாடியில்’ என்பதுதான் அதன் கடைசி வரி. அதை நான் கட்டோடு வெட்டித் தள்ளியிருந்தேன். அடித்த நீயோ மையைப் பார்ப்பாயே தவிர எழுத்தைப் படிக்க மாட்டாய். யாரும் கோபப்படவில்லை. வெட்டினவனே வாராவாரம் கீழே நின்று புதிதாய் வருகிறவர்களை மேலே அனுப்பட்டும் என்று நீதான் தீர்ப்புச் சொன்னாய். பிறகு புதிதாக அடித்தபோதும் அந்த வரி வேண்டாம் என்றுவிட்டாய். ஒரு ஞாயிறும் நான் தப்பக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது என்று விளங்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

முதல் ஆறு மாதம் மாடியிலும் எனக்குப் பெயர் சுந்தரம்தான். நீயும் சிரிக்காமல் “சுந்தரண்ணே, டீ எடுத்துக்கோங்க” என்பாய். நானே எழுந்து என் சொந்தப் பெயரைச் சொன்ன அன்று நீ தட்டிய கைதட்டலில் பக்கத்தில் இருந்தவரின் டீ கொட்டியது. கீழே இருந்த பதிவேட்டை நம்பி உனக்கு அவர்கள் அனுப்பிய சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாய். என் மைத்துனன் வீட்டுக்கும் ஒன்று போனது. அவன் இன்னும் விளக்கம் கேட்கிறான்.

உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு, குடி இல்லை. கடைசி ஒன்பது வருஷம் நீ ஒரு சொட்டு தொடவில்லை. அதில் எனக்கு இன்றும் கர்வம்தான்.

இன்றும் ஞாயிறு. சான்றிதழைக் கையோடு எடுத்துக்கொண்டே விருதுநகருக்குப் போனேன். கீழே யாருக்கோ காதுகுத்து. பந்தியின் கடைசியில் ஒருவர், இலையில் கை வைக்காமல், நம் நோட்டீஸை மடித்துப் பிடித்தபடி திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். சாப்பிடச் சொல்லிக் காத்திருந்து, பிறகு மாடிப்படியைக் காட்டினேன். “பேரு சொல்லணுமாண்ணே?” என்று கேட்டார்.

“எந்தப் பேரை வேணும்னாலும் சொல்லுங்க. நான் ஆறு மாசம் சுந்தரமா இருந்தேன்” என்றேன்.

சிரித்துவிட்டார். அவரை முன்னால் விட்டு, உன் சான்றிதழைப் பத்து விரலாலும் பிடித்துக்கொண்டு, செருப்புச் சத்தம் நன்றாகக் கேட்கும்படி நான் பின்னால் ஏறினேன்.